தினமும் துடைப்பதா, தூசியோடு விடுவதா? இரண்டு கழுவல்களுக்கு இடையே காரின் பெயின்ட்

சென்னையில் தெருவோரத்தில் நிற்கும் காரை ஞாயிற்றுக்கிழமை ஷாம்பு போட்டுக் கழுவினால், புதன்கிழமைக்குள் அதன் பானட்டில் விரலால் பெயர் எழுதிவிடலாம். அடுத்த கழுவல் வரையிலான நாட்களைக் கடத்த வழிகள் பல உண்டு. விடியற்காலையில் வாளியும் துணியுமாக வருபவரிடம் மாதக் கணக்கில் ஒப்படைக்கலாம். மெழுகு ஏற்றிய டஸ்டர் வாங்கலாம். குவிக் டீட்டெயிலர் எனப்படும், அடித்துத் துடைக்கும் வழவழப்பான ஸ்ப்ரேயைப் பயன்படுத்தலாம். ரின்ஸ்லெஸ் வாஷ் எனப்படும், அலசத் தேவையில்லாத திரவத்தைப் பயன்படுத்தலாம். கவர் போட்டு மூடலாம். எல்லாவற்றையும் ஒவ்வொரு காலத்தில் செய்து பார்த்தவன் என்ற முறையில், இவற்றை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

பெயின்ட்டின் பளபளப்பு என்று நாம் சொல்வது உண்மையில் நிறத்தின் மேல் பூசப்பட்ட, நிறமற்ற பாதுகாப்புப் படலமான கிளியர் கோட்டின் பளபளப்பு. அதன் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி பொதுவாக இதைவிடத் தடித்தது. தெருத்தூசியில் இருப்பதோ வெறும் புழுதி அல்ல. அதில் கலந்திருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் அதன் மதிப்பு 7. சமையலறைக் கத்தியையே கீறக்கூடிய பொருளைத் துணிக்கு அடியில் வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தால் என்ன நடக்கும் என்பதைக் கறுப்புக் கார் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். வெயிலிலோ செல்போன் டார்ச்சிலோ பார்த்தால், ஒளி விழும் புள்ளியைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் மெல்லிய கீறல்கள் தெரியும். டீட்டெயிலிங் கடைக்காரர்கள் இதை ஸ்வர்ல் மார்க் என்கிறார்கள். தூசி படிவதால் மட்டும் இந்தக் கீறல் வருவதில்லை. தூசியை நகர்த்தும்போதுதான் வருகிறது.

இந்த அளவுகோலில் வைத்தால் முதலில் தோற்பது, நம் ஊரில் மிகப் பரவலாக இருக்கும் வாளித் துடைப்புதான். அரை வாளித் தண்ணீரில் ஒரே துணியை நனைத்துப் பிழிந்து பத்துப் பதினைந்து வண்டிகளைத் துடைக்கும்போது, மூன்றாவது வண்டிக்குள் அந்தத் துணி உப்புத்தாள் ஆகிவிடுகிறது. மார்கழியில் நிலைமை இன்னும் மோசம்: இரவெல்லாம் இறங்கிய பனி தூசியோடு சேர்ந்து மெல்லிய சேறாக ஒட்டியிருக்கும் ஐந்தரை மணிக்குத்தான் துணி மேலே விழுகிறது. போகி அன்று இதோடு கரியும் சாம்பலும் சேர்ந்துகொள்ளும். துடைப்பவரைக் குறை சொல்லி என்ன பயன்? அவருக்குக் கொடுக்கும் சம்பளத்தில், வண்டிக்கு ஒரு புதுத் துணி என்பது நடக்காத கணக்கு.

மெழுகு டஸ்டர் இதைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதற்கு நிபந்தனைகள் உண்டு. பருத்தி நூல்களில் ஏற்றிய மெழுகு தூசியைப் பிடித்துக்கொள்வதால், அழுத்தாமல், டஸ்டரின் சொந்த எடையிலேயே ஒரே திசையில் இழுத்து, ஒவ்வொரு பகுதிக்குப் பிறகும் உதறினால் சேதம் மிகக் குறைவு. புதிதாக வாங்கியதைச் செய்தித்தாளின் மேல் ஓரிரவு வைத்து, மிகுதியான மெழுகை உறிஞ்ச விடவேண்டும்; இல்லாவிட்டால் முதல் நாளே பானட்டில் எண்ணெய்த் தீற்றல். மூடிய பார்க்கிங்கில் நிற்கும் காரின் உலர்ந்த, மெல்லிய தூசிக்கு மட்டுமே இது பொருந்தும். பனி படிந்த வண்டியிலும், மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் போய்வந்த வண்டியிலும் இதைத் தொடவே கூடாது.

குவிக் டீட்டெயிலரை முழு வண்டிக்கும் அடிப்பவர்கள் பணத்தை வீணாக்குகிறார்கள் என்பது என் கருத்து. அதன் உண்மையான இடம் காக்கை எச்சம். எச்சத்தில் உள்ள யூரிக் அமிலம் ஒருபுறம் அரிக்க, வெயிலில் சூடாகி இளகிய கிளியர் கோட் மாலையில் குளிரும்போது காய்ந்த எச்சத்தைச் சுற்றி இறுகுவதால், துடைத்த பிறகும் தழும்பு நின்றுவிடுகிறது. எனவே எச்சத்தைப் பார்த்ததும் ஒரு டிஷ்யூவை அதன்மேல் வைத்து, ஸ்ப்ரேயால் நன்றாக நனைத்து, சில நிமிடம் ஊறவிட்டுத் தூக்கி எடுக்கவேண்டும். தேய்க்கக் கூடாது. மரத்தடியில் நிறுத்துபவர்களுக்கு டிக்கியில் ஒரு பாட்டில் இருப்பது போதும்.

என் ஓட்டு ரின்ஸ்லெஸ் வாஷுக்குத்தான். ஆப்டிமம் நோ ரின்ஸ் போன்ற திரவங்களை ஒன்றுக்கு 256 என்ற விகிதத்தில் கலக்கிறார்கள். 4 லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 16 மில்லி. இதிலுள்ள பாலிமர்கள் மண்துகளைச் சூழ்ந்து வழுக்கலைக் கூட்டுவதால், துகள் பெயின்ட்டில் உராய்வது குறைகிறது. முதலில் அதே கலவையை ஸ்ப்ரேயரில் ஊற்றி ஒரு பக்கத்தை நனைத்துவிட்டு, வாளியில் ஊறிய மைக்ரோஃபைபர் துணியை எட்டாக மடித்து, கூரையிலிருந்து கீழ்நோக்கித் துடைக்கவேண்டும். ஒரு மடிப்பு அழுக்கானால் அடுத்த மடிப்பு. அழுக்கான துணி வாளிக்குத் திரும்பவே கூடாது. உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்தால் வேலை முடிந்தது. அரை மணி நேரமும் ஆறேழு துணிகளும் கேட்கிறது என்பது உண்மைதான். ஆனால் பைப்பும் இல்லை, தரையில் ஓடும் நுரையும் இல்லை. சேறு அப்பிய வண்டிக்கு மட்டும் இது ஆகாது. அதற்குத் தண்ணீர் அடித்தே தீரவேண்டும்.

எந்த வழியானாலும், ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்து வைத்துக் காருக்குப் பயன்படுத்துவது சிக்கனம்போலத் தெரிந்தாலும் தவறு. வடிகட்டியில் நின்றுபோன உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது; காய்ந்தால் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும்.

கவர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூடிய இடத்தில், கழுவிய வண்டிக்குப் போட்டால் நல்லது. கடற்கரைக் காற்றடிக்கும் திறந்த வெளியில், தூசி படிந்த வண்டிமேல் போட்டால், வாளித் துடைப்பை இரவெல்லாம் காற்றே செய்துவிடும்.

சிராமிக் கோட்டிங், அதாவது கிளியர் கோட்டின் மேல் பூசும் கெட்டியான பாதுகாப்புப் பூச்சு, இருந்தால் இவை எதுவும் வேண்டாம் என்று சொல்லும் விற்பனையாளரை நம்பவேண்டியதில்லை. பெட்டியில் போட்டிருக்கும் 9எச் என்பது பென்சில் முனையால் கீறிப்பார்க்கும் சோதனையின் அளவு; மோஸ் அளவுகோலின் 9 அல்ல. கோட்டிங் போட்ட வண்டியில் அழுக்கு எளிதில் விடுபடும், தண்ணீர் நிற்காமல் ஓடும். தூசி படியத்தான் செய்யும், அதை உலர்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழத்தான் செய்யும்.

எங்கள் கட்டடத்தில் வண்டி துடைக்கும் அண்ணனிடம் பெயின்ட்டைத் தொடவேண்டாம் என்று சொன்னபோது, “துடைக்காம காசு வாங்கினா நல்லா இருக்காது சார்” என்று மறுத்துவிட்டார். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். கண்ணாடிகளும் சக்கரங்களும் தினமும் அவர் பொறுப்பு, அதே சம்பளம். பானட்டும் கதவுகளும் புதன்கிழமை காலையில் என் வாளிக்காகத் தூசியோடு காத்திருக்கும். அடுத்த பிளாட்காரர் என் வண்டியைப் பார்த்துவிட்டு, அண்ணன் இப்போதெல்லாம் வேலைக்கு வருவதில்லையா என்று விசாரித்தார்.