சி டெக்கில் இருந்து 8×42: மிச்சிகன் ஆட்டத்துக்கு முன் ஒரு பைனாகுலர் விமர்சனம்

இது நான் வாங்கிய மூன்றாவது பைனாகுலர். முதல் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதை வைத்துக்கொள்ளப் போகிறேன். நாளை மறுநாள், 2024 நவம்பர் 30, சனிக்கிழமை மதியம் 12 மணிக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி, எங்கள் ஓஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியோடு ஆட இங்கே கொலம்பஸுக்கு வருகிறது. அந்த ஆட்டத்துக்காகத்தான் வாங்கினேன், அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஓஹையோ ஸ்டேடியத்தில் சி டெக் என்பது மேல்தளம். எனக்குக் கட்டுப்படியாகும் டிக்கெட் அங்கேதான் கிடைக்கும். அங்கிருந்து மைதானம் கேரம் போர்டு மாதிரி தெரியும். யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள், எங்கே இடம் காலியாகக் கிடக்கிறது என்பதெல்லாம் டிவியைவிட நன்றாகப் புரியும். புரியாத ஒரே இடம் நடு. பந்து கிளம்பும் கோட்டில் ஒன்பது பத்துப் பெரிய உடம்புகள் மோதிக்கொள்ளும் அந்த மூன்று விநாடி, மேலிருந்து பார்த்தால் வெறும் குவியல்தான். இந்த வாரம் எனக்கு இருக்கும் பயமெல்லாம் அந்தக் குவியலுக்குள்ளேதான் இருக்கிறது.

எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். 2012ல் படிக்க வந்து, வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டேன். வுடி ஹேய்ஸ் எங்கள் அணியின் பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்து ஆட்டம் பார்ப்பவர் அவர். மிச்சிகன் என்ற பெயரை வாயால் சொல்லமாட்டார், ‘வடக்கே இருக்கிற அந்த அணி’ என்பார். முதல் நாளே அவர் சொன்னது: ‘பந்தை எல்லாரும் பார்ப்பார்கள். நீ சென்டரின் முழங்காலைப் பார்.’ சென்டர் என்றால் நடுவில் நின்று பந்தைப் பின்னால் அனுப்பி ஆட்டத்தைத் தொடங்குபவர். எனக்கு அது உடனே பிடிபட்டது. கபடியில் ரைடரின் முகத்தைப் பார்க்காதே, காலைப் பார் என்று அப்பா சின்ன வயதிலிருந்து சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

சரி, பைனாகுலருக்கு வருகிறேன். முதலில் வாங்கியது 10×25, சட்டைப்பைக்குள் அடங்கும் சைஸ். கடைக்காரர் ‘எண் பெரிதானால் நல்லது’ என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டார். பத்து மடங்கு பெரிதாகத் தெரியும்போது கை நடுக்கமும் பத்து மடங்கு பெரிதாகும் என்பதை அவர் சொல்லவில்லை. முன்பக்கக் கண்ணாடி 25 மில்லிமீட்டர்தான். அதைப் பத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டம் 2.5 மில்லிமீட்டர். நவம்பர் மாத மேகமூட்டத்தில் அது போதவே போதாது, எல்லாச் சட்டையும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தது. இரண்டாவது 12×50. வெளிச்சத்துக்குக் குறையில்லை, ஆனால் இரண்டாவது கால்பகுதி வருவதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும். ஸ்டாண்ட் இல்லாமல் அதைப் பிடித்துக்கொண்டு சென்டரின் முழங்காலைப் பார்ப்பது நடக்காத காரியம்.

மூன்றாவதுதான் இந்த 8×42. வரியெல்லாம் சேர்த்து 150 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. 42ஐ எட்டால் வகுத்தால் 5.25, ஒளிக்குப் பஞ்சமில்லை. எட்டு மடங்கு என்பதால் முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டால் படம் நிற்கிறது. என் இருக்கையிலிருந்து முன்வரிசையில் நிற்கும் ஐந்து லைன்மேன்களும், அவர்களுக்கு எதிரே நிற்கும் நாலு பேரும், பின்னால் நின்று பந்தை வாங்கி வீசும் குவார்ட்டர்பேக்கும் ஒரே வட்டத்துக்குள் வந்துவிடுகிறார்கள். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கம்பெனிப் பெயரை எழுதவில்லை. இந்த விலையில் நாலைந்து கம்பெனிகள் ஏறக்குறைய ஒரே சாமானைத்தான் தருகின்றன. பெட்டியில் பிஏகே-4 பிரிசம் (உள்ளே ஒளியைத் திருப்பும் கண்ணாடி) என்று போட்டிருக்க வேண்டும். உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் குளிரில் உள்கண்ணாடியிலேயே பனி பிடித்துக்கொள்ளும், அதைத் துடைக்கவும் முடியாது. என்னைப் போல மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் ‘ஐ ரிலீஃப்’, அதாவது முழு வட்டமும் தெரியக் கண்ணைத் தள்ளி வைக்கக்கூடிய தூரம், 15 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். கண் வைக்கும் ரப்பர் குவளையை முழுக்க உள்ளே திருகிவிட்டு வைத்தால் எனக்கு முழு வட்டமும் தெரிகிறது.

போன சனிக்கிழமை இண்டியானா ஆட்டத்தில் இதைச் சோதித்துப் பார்த்தேன். உறையை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போனேன். பத்து ஆட்டத்தில் பத்தையும் வென்றுவிட்டு வந்த அணி இண்டியானா. ஆட்டம் 38-15 என்று எங்கள் பக்கம் முடிந்தது. இண்டியானாவின் மொத்தக் கணக்கே 151 கெஜம்தான். ஊரே கொண்டாடியது, நானும் தொண்டை கட்டும்வரை கத்தினேன். ஆனால் முதல் கால்பகுதியை நான் முழுக்க இந்தக் குழல் வழியாகத்தான் பார்த்தேன். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை நாங்கள்.

ஏன் என்று சொல்ல, ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வரி: நாலு முயற்சிக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். குறுக்கே நிற்கும் எதிரணியைத் தள்ளி வழி செய்வது சென்டர், அவருக்கு இருபுறமும் இரண்டு கார்டு, ஓரத்தில் இரண்டு டேக்கிள், ஆக ஐந்து பேர். எங்கள் ஐந்து பேர் வரிசை இந்த வருடம் இரண்டு முறை கலைந்துவிட்டது. அக்டோபரில் ஓரிகனில் லெஃப்ட் டேக்கிள் ஜாஷ் சிம்மன்ஸுக்கு முழங்கால் போனது. கார்டாக ஆடிய டோனவன் ஜாக்சனை அந்த இடத்துக்கு நகர்த்தினார்கள். இண்டியானா ஆட்டம் நடந்த அதே வாரம் பயிற்சியில் சென்டர் செத் மெக்லாக்லினுக்குக் குதிகால் தசைநாண் அறுந்தது. கார்டாக இருந்த கார்சன் ஹின்ஸ்மன் சென்டருக்கு வந்தார். ஹின்ஸ்மனுக்கு அந்த இடம் புதிதல்ல, போன வருடம் அங்கேதான் ஆடினார். ஆனால் அவர் விட்டுவிட்டு வந்த இடத்தில் இப்போது புது ஆள்.

குழலில் நான் பார்த்தது இது. எதிராளி சென்டருக்கு நேரே நின்றால் சிக்கலில்லை. சென்டருக்கும் கார்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடுக்கில் நின்றால், இருவரும் ஒரு கணம் ஒருவரை ஒருவர் எதிர்பார்க்கிறார்கள். ஹின்ஸ்மன் பந்தைப் பின்னால் அனுப்பிவிட்டுத் தலையை நிமிர்த்துவதற்குள் கார்டின் வலது கால் முன்னே போகாமல் பக்கவாட்டில் போய்விடுகிறது. முழங்கால் நிமிர்ந்துவிடுகிறது. நிமிர்ந்த முழங்காலோடு யாரையும் தள்ள முடியாது. ஒரே ஒரு கணம்தான். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் வந்து சேரும்போது வழி அடைத்திருக்கும். இதை ஒரு முறை இல்லை, ஏழெட்டு முறை பார்த்தேன். வெறும் கண்ணால் பார்த்திருந்தால் ‘ரெண்டு கெஜம்தானா’ என்று ரன்னிங் பேக்கைக் குறை சொல்லியிருப்பேன்.

இப்போது அதே இடுக்கில் சனிக்கிழமை யார் நிற்கப்போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். மிச்சிகனின் 55ஆம் எண் மேசன் கிரஹாம், 78ஆம் எண் கென்னத் கிராண்ட். ஒருவர் 320 பவுண்டு, இன்னொருவர் அதற்கும் மேல். அந்த எடையோடு அவர்களுக்கு இருக்கும் வேகம்தான் பயம். மிச்சிகன் இந்த வருடம் ஆறு வெற்றி, ஐந்து தோல்வி. பந்தை வீசி முன்னேறும் பாஸிங் அவர்களுக்குப் பலவீனம், 20 புள்ளி வித்தியாசத்தில் நாங்கள் ஜெயிப்போம் என்று பந்தயக்காரர்கள் போட்டிருக்கிறார்கள். எல்லாம் சரி. ஆனால் அவர்களிடம் நல்லது ஒன்று உண்டென்றால், அது எங்களுக்கு மோசமாக இருக்கும் அதே இடத்துக்கு நேர் எதிரே நிற்கிறது.

மிச்சிகனிடம் கடந்த மூன்று வருடத் தோல்விகளும் நடுவில்தான் தொடங்கின என்று நான் நம்புகிறேன். 2021ல் பனிக்கு நடுவே 42-27. அன்று அவர்கள் ஓடியே 297 கெஜம் எடுத்தார்கள், ஹாசன் ஹாஸ்கின்ஸ் மட்டும் ஐந்து டச்டவுன், அதாவது ஐந்து முறை பந்தை எங்கள் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனார். 2022ல் இதே மைதானத்தில் 45-23, மறுபடியும் 250 கெஜத்துக்கு மேல் ஓட்டம். போன வருடம் 30-24. அதற்குப் பிறகு ‘இவர்கள் மென்மையானவர்கள்’ என்ற பேச்சு எங்கள் அணிமேல் ஒட்டிக்கொண்டது. என்னுடைய பெரிய பயம் இந்தப் பேச்சுதான். பயிற்சியாளர் ரயன் டே அதைப் பொய்யாக்குவதற்காகவே நடுவில் ஓட்டம், நடுவில் ஓட்டம் என்று விட்டுக்கொண்டிருந்தால், கிரஹாமும் கிராண்டும் ஆசைப்படுவதை நாமே கொண்டுபோய்க் கொடுத்தது போலாகும். அக்டோபரில் நெப்ராஸ்காவுக்கு எதிராக 64 கெஜம்தான் ஓட முடிந்தது, அதை மறக்கவில்லை நான். பென் ஸ்டேட்டில் கடைசி ஐந்து நிமிடமும் ஓடியே கடிகாரத்தைத் தீர்த்தோம், உண்மை. ஆனால் அன்று நடுவில் நின்றது மெக்லாக்லின்.

செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. வீசும் பந்தைப் பிடிக்க ஜெரெமையா ஸ்மித் என்ற முதலாமாண்டுப் பையன் இருக்கிறான், எமேகா எக்புகா இருக்கிறார், கார்னல் டேட் இருக்கிறார். ஓரத்தில் நின்று அந்தப் பந்துகளைத் தடுக்கும் மிச்சிகனின் சிறந்த கார்னர்பேக் வில் ஜான்சன் அக்டோபரிலிருந்து ஆடவில்லை. இண்டியானாவுக்கு எதிராக எங்கள் குவார்ட்டர்பேக் வில் ஹோவர்ட் வீசிய 26ல் 22 போய்ச் சேர்ந்தது. முதல் முயற்சியிலேயே, அவர்கள் ஓட்டத்தை எதிர்பார்க்கும்போதே, ஓரத்துக்குச் சட்டென்று வீச வேண்டும். கிரஹாம் எவ்வளவு வேகமானவராக இருந்தாலும் ஒன்றரை விநாடியில் கையைவிட்டுப் போகும் பந்தைப் பிடிக்க முடியாது. நடுவில் இருப்பவர்கள் பின்வாங்க ஆரம்பித்த பிறகு எங்கள் ரன்னிங் பேக்குகள் ஹெண்டர்சனும் ஜட்கின்ஸும் ஓடட்டும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஃபோகஸ் சக்கரம் தடித்த கையுறையோடு வழுக்குகிறது. விரல் நுனி திறந்த கையுறை வாங்கிக்கொண்டேன். உள்ளே பனி பிடிக்கவில்லை என்றாலும், கழுத்து மஃப்ளர் வழியாக விடும் மூச்சு மேலேறிக் கண்பக்கக் கண்ணாடியை மூடிவிடுகிறது. மஃப்ளரை மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டால் சரியாகிவிடும், மூக்குதான் உறைந்துபோகும். கூடவே வந்த வார் மெல்லியது, நாலு மணி நேரத்தில் கழுத்தை அறுக்கிறது. பழைய கேமரா வாரை மாற்றிப் போட்டுவிட்டேன். முன்பக்க மூடிகள் தொங்கிக்கொண்டே இருக்கும், ஒன்று அன்றே எங்கேயோ விழுந்துவிட்டது.

இன்னொன்றையும் யோசித்து வாங்குங்கள். குழல் வழியாகப் பார்க்கும்போது பந்து காணாமல் போய்விடும். இண்டியானா ஆட்டத்தின் மூன்றாவது கால்பகுதித் தொடக்கத்தில் எங்கள் கேலப் டவுன்ஸ், எதிரணி உதைத்தனுப்பிய பந்தை (பன்ட்) பிடித்து 79 கெஜம் ஓடினாரே, நல்லவேளை அப்போது பைனாகுலர் தோழியின் கையில் இருந்தது. அதனால் நான் அந்த ஓட்டத்தை முழுசாகப் பார்த்தேன், அவள் பார்க்கவில்லை. இன்னும் என்னோடு அதைப் பற்றிப் பேசமாட்டேன் என்கிறாள். ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது வாருக்கும் மூடிக்கும் மட்டும்தான், கண்ணாடியில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இன்று பல்கலைக்கழகம் பக்கமாகப் போனேன். பலகைகளில் இருக்கும், மிச்சிகனின் முதலெழுத்தான ‘எம்’ (M) மேலெல்லாம் சிவப்பு டேப்பில் எக்ஸ் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இந்த வாரம் இந்த ஊரில் அப்படித்தான். மிச்சிகனை வென்றால் ஆட்டக்காரர்களுக்குத் தங்க நிறத்தில் ஒரு குட்டி கால்சட்டைப் பதக்கம் கொடுப்பார்கள், 1934லிருந்து வரும் பழக்கம். ஜாக் சாயர், டுய்மொலோவ், எக்புகா, ஹெண்டர்சன், டென்சல் பர்க் எல்லாரும் தொழில்முறை லீகான என்எஃப்எல் போகாமல் இன்னொரு வருடம் இருந்தவர்கள். ஒருவரிடமும் அந்தப் பதக்கம் இல்லை. சாயர் இந்த ஊருக்குப் பக்கத்திலேயே, பிக்கரிங்டனில் வளர்ந்த பையன். இந்த வருடம் 12 அணி பிளேஆஃப் வந்துவிட்டது, தோற்றாலும் சீசன் முடிந்துவிடாது என்று ஆபீசில் சமாதானம் சொல்கிறார்கள். அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். ஆனால் நாலு வருடம் இங்கே ஆடிவிட்டு அந்தக் குட்டிப் பதக்கம் இல்லாமல் இவர்கள் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பெரியவருக்கு இப்போது முட்டி வலி, சி டெக் படியேற முடியாது. நேற்று பைனாகுலரைக் காட்டக் கொண்டுபோனேன். வாசலில் நின்று எதிர்வீட்டு மேப்பிள் மரத்தைப் பார்த்து, சக்கரத்தை இரண்டு பக்கமும் திருகிப் பார்த்துவிட்டு, நல்லது வாங்கியிருக்கிறாய் என்றார். அப்புறம் ஒரு வேலை கொடுத்தார். டிவியில் பந்தைத்தான் காட்டுவான், முதல் மூன்று டிரைவுக்கு, அதாவது பந்து நம் கையில் இருக்கும் முதல் மூன்று தொடருக்கு, நீ ஹின்ஸ்மனையும் அவர் இடதுபக்கக் கார்டையும் விட்டுக் கண்ணை எடுக்காதே, ஒவ்வொரு டிரைவும் முடிந்ததும் எனக்குப் போன் செய்து முழங்கால் மடிந்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று மட்டும் சொல் என்றார். போனை சார்ஜில் போட்டிருக்கிறேன். கண்ணாடி துடைக்கும் துணி இரண்டு, கோட்டின் இடதுபக்கப் பையில்.