பழைய பெயர் எங்கே கிடைக்கும்? புத்தகம், செயலி, எண்கணிதம், கோயில்: ஒரு மதிப்பீடு

பெண் குழந்தைக்குப் பாட்டி காலத்துப் பெயர் வைக்க நினைப்பவர்கள் வழக்கமாகத் தேடிப் போவது மூன்று இடங்களுக்கு: கடையில் விற்கும் பெயர்ப் புத்தகம், கைபேசிச் செயலி, எண்கணிதம் பார்ப்பவர். மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் இங்கே எடைபோடுகிறோம். அந்தப் பெயரை வீட்டில் எப்படிச் சுருக்கிக் கூப்பிடுவது என்பதற்கு வழி காட்டுகிறதா? அகிலாண்டேஸ்வரி என்று நாளைக்கு நாற்பது தடவை யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடப் போவது அகிலா. ஆகவே பழைய பெயர் வேண்டுமென்றால் கூப்பிடும் பெயரை முதலில் முடிவுசெய்து, அங்கிருந்து முழுப்பெயருக்குப் போவதே சரியான வரிசை.

பெயர்ப் புத்தகம் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறது. நட்சத்திர எழுத்துப்படி பெயர்களைப் பிரித்துத் தருகிறது. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. ரோகிணிக்கு ஓ, வ, வி, வு. மகத்துக்கு ம, மி, மு, மெ. எழுத்துப் பார்க்கும் குடும்பங்களுக்கு இது நல்ல வசதி, பழைய பெயர்களும் இதில் தாராளமாக அடங்கும். கார்த்திகைக்கு அலமேலு, உமையாள், ரோகிணிக்கு வடிவு, விசாலாட்சி, மகத்துக்கு மங்கையர்க்கரசி. குறை எங்கே என்றால், பொருள் சொல்லும் இடத்தில். பெயரைப் பிரித்துக் காட்டாமல் ‘அம்மன் பெயர்’ என்று முடித்துவிடும் புத்தகம் பாதி வேலைதான் செய்கிறது. அலர்மேல்மங்கை, அதாவது மலர்மேல் அமர்ந்தவள், என்பதுதான் அலமேலு ஆனது. நீல, ஆயத, அட்சி மூன்றும் சேர்ந்து நீண்ட நீல விழியாள் என்பது நீலாயதாட்சி. இப்படிப் பிரித்தால்தான் எங்கே வெட்டிச் சுருக்கலாம் என்பது தெரியும்.

செயலிகளைப் பழைய பெயருக்கு நம்ப வேண்டாம். ஆங்கில எழுத்தில் தேடும் செயலியில் ல, ள, ழ மூன்றும் கலங்கிப்போகும். குழலி என்ற பெயரைத் தேடினால் ஒரு எழுத்துக்கூட்டலில் வரும், இன்னொன்றில் வராது. ஆங்கிலத்தில் ஒரு பெயரை எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்று பார்ப்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எண்கணிதத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். அது அவரவர் விருப்பம். ஆனால் கணக்கு நடப்பது ஆங்கில எழுத்தில் என்பதை மறக்கக் கூடாது. கயல் என்பதற்கு கே 2, ஏ 1, ஒய் 1, ஏ 1, எல் 3, ஆக மொத்தம் 8. எட்டு ஆகாது என்று கடைசியில் இன்னொரு எல் சேர்த்து 11 ஆக்குவார்கள். தமிழில் பெயர் மாறவே இல்லை, ஆனால் ஒவ்வொரு படிவத்திலும் அந்த இரண்டாவது ‘எல்’ எழுத்தை அந்தப் பெண்தான் காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று மாறிப்போவதும் இப்படித்தான்.

எங்கள் கணிப்பில் முதலிடம், காசே கேட்காத நான்காவது இடத்துக்கு: சிவன் கோயில் அம்பாள் சந்நிதி. பெயர்ப் பலகையில் பல ஊர்களில் வடமொழிப் பெயரும் தமிழ்ப் பெயரும் சேர்ந்தே இருக்கும். மதுரை மீனாட்சிதான் அங்கயற்கண்ணி. அம், கயல், கண்ணி என்று பிரியும். நடுவே இருக்கும் கயலை எடுத்தால் இன்றைய வகுப்பறையில் கொஞ்சமும் பழசாகத் தெரியாத பெயர் கையில் வந்துவிடும். திருநெல்வேலி காந்திமதிக்குள் காந்தியும் இருக்கிறது, மதியும் இருக்கிறது. திருவொற்றியூர் வடிவுடையம்மனிடமிருந்து வடிவு. நாகப்பட்டினம் நீலாயதாட்சியிடமிருந்து நீலா. திருச்சி மலைக்கோட்டை மட்டுவார்குழலியிடமிருந்து குழலி. பெருமாள் கோயில் தாயார் சந்நிதியும் இதே போலத்தான்: கும்பகோணம் சாரங்கபாணி கோயில் தாயார் கோமளவல்லியைக் கோமு, கோமளா, வல்லி என்று மூன்று விதமாகக் கூப்பிடலாம். இத்தனை அழகான பெயர்கள் கண்முன்னே இருக்க, பொருளே இல்லாத ஒலிக்கூட்டத்தைப் பெயராக வைப்பது வருத்தமாக இருக்கிறது.

சுருக்குவதற்கும் தமிழில் ஒரு நடைமுறை உண்டு. உகரத்தில் முடித்தால் குழந்தைப் பெயர்: சரஸ்வதி சரசு, பார்வதி பாரு, அலமேலு அலமு. ‘அம்’ போட்டு முடித்தால் வயது கூடிவிடும்: விசாலம், கோமளம், ராஜம். தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கு விசாலம் கனமாகத் தோன்றினால் சாலு என்று தொடங்கலாம். விசாலம் பின்னால் தானே வந்து சேரும். மெய்யெழுத்தில் முடியும் பெயரை உரக்கக் கூப்பிடும்போது வாய் தானாக உகரம் சேர்க்கும்: கயலு. தெருக்கோடியிலிருந்து கூப்பிடுவதுபோல ஒருதரம் கூப்பிட்டுப் பாருங்கள். நாக்கு தடுக்கினால் வேறு துண்டைத் தேடுங்கள்.

தவறு நேர்வது பெரும்பாலும் சுருக்கத்தில்தான். வைத்தீஸ்வரன்கோயில் தையல்நாயகி அருமையான பெயர், தையல் என்றால் பெண். ஆனால் பள்ளியில் அது தையல் மிஷினாகிவிடும். நாயகி என்று கூப்பிட்டால் தொல்லை இல்லை. மட்டுவார்குழலியை முன்பக்கமாகச் சுருக்கினால் மட்டு, சாவித்திரியைச் சுருக்கினால் சாவி. பெற்றோர் ஒரு சுருக்கத்தை முதல் மாதத்திலேயே பழக்கிவிட்டால் உறவினர் வேறொன்றைக் கொண்டுவர இடமிருக்காது. அப்பாவைப் பெற்ற பாட்டியின் பெயரை வைக்கும் வீடுகளில், மாமியார் பெயரைச் சொல்ல மருமகள் தயங்குவாள். அங்கே செல்லப்பெயர் அலங்காரமல்ல, கட்டாயத் தேவை.

செல்லம்மாள், வள்ளியம்மை போன்ற பெயர்களில் முடிவை ஒருதரம் தீர்மானித்துவிட வேண்டும். அம்மாள், அம்மை, அம்மா மூன்றும் அலுவலகத்துக்கு மூன்று வெவ்வேறு பெயர்கள். ‘ட்சி’யில் முடியும் பெயர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலையும் அப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவில் அவசரம் தேவையில்லை. பிறப்பைத்தான் 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் இல்லாமலே பதிந்து, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகு தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். ஆனால் ஒருதரம் பதிந்த பெயரை மாற்றுவது பெரும்பாடு. எனவே மருத்துவமனைப் படிவத்தில் தோன்றியதை எழுதிவிடாமல், தேர்ந்த சுருக்கத்தை இரண்டு மூன்று மாதம் வீட்டில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு முழுப்பெயரைக் கொடுங்கள். கொடுக்கும்போது ‘அகிலாண்டேஸ்வரி என்கிற அகிலா’ என்று எழுதச் சொல்லாதீர்கள். ஒரு அலுவலகம் முன்பாதியை எடுக்கும், இன்னொன்று பின்பாதியை எடுக்கும். சான்றிதழில் முழுப்பெயர் மட்டும் இருக்கட்டும்.