பூட்டா, ப்ராக்கா: கர்னல் கான்ஃபிக்கை எங்கே பார்ப்பது?

லினக்ஸ் கணினியில் வயர்கார்டு (விபிஎன்) ஓட்ட வேண்டும், கேவிஎம் (மெய்நிகர் கணினி வசதி) ஓட்ட வேண்டும் என்று இறங்கும்போதுதான் கேள்வி வரும்: நம் கர்னலில், அதாவது லினக்ஸின் மைய நிரலில், அது இருக்கிறதா? கர்னலைக் கட்டும்போது எந்தெந்த வசதிகளைச் சேர்த்தார்கள் என்ற பட்டியல்தான் கான்ஃபிக். பார்க்க இரண்டு மூன்று இடங்கள் உண்டு. ஆனால் எல்லாம் ஒரே அளவுக்கு நம்பத்தக்கவை அல்ல.

டெபியன், உபுண்டு, ஃபெடோராக்காரர்கள் கைவைப்பது பூட் அடைவில். அங்கே ‘கான்ஃபிக்’ என்று தொடங்கிக் கர்னல் பதிப்போடு முடியும் உரைக் கோப்பு இருக்கும். கிரெப் (கோப்புக்குள் சொல் தேடும் கட்டளை) போட்டால் போதும். இன்னும் பூட் செய்யாத கர்னலையும் இப்படிப் பார்க்கலாம், அது வசதி. சிக்கலும் அதிலேயே இருக்கிறது. அப்டேட் முடிந்து ரீபூட் செய்யாதபோது புதிய கோப்பைத் திறந்தால், ஓடாத கர்னலின் கதையைத்தான் படிப்பீர்கள். யூநேம் கட்டளை (ஓடும் கர்னலின் பதிப்பைச் சொல்வது) காட்டும் பதிப்பின் கோப்பையே திறக்க வேண்டும். சொந்தமாகக் கம்பைல் செய்து பதிப்புப் பெயரை மாற்றாமல் விட்டவர்களுக்கு அந்தப் பெயரும் உத்தரவாதம் இல்லை.

ப்ராக் அடைவிலுள்ள (ஓடும் கர்னல் தன் நிலவரத்தைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) ஜிஜிப் செய்த, அதாவது சுருக்கிய, கான்ஃபிக் அப்படியல்ல. அது ஓடும் கர்னலே தரும் வாக்குமூலம். என் ஓட்டு இதற்கே. ஆர்ச்சிலும் ஓப்பன்சூசேயிலும் ஜிகிரெப் (சுருக்கிய கோப்பிலும் தேடும் கிரெப்) போட்டால் கிடைத்துவிடும். டாக்கர் கன்டெய்னருக்குள் (தனிக் கர்னல் இல்லாமல், ஹோஸ்ட் எனப்படும் தாய்க் கணினியின் கர்னலிலேயே ஓடும் தனிச் சூழல்) பூட் அடைவு பெரும்பாலும் காலி. ப்ராக்கில் இருந்தால் அது ஹோஸ்ட் கர்னலின் கான்ஃபிக். ஆனால் ஐகே-கான்ஃபிக் என்ற தேர்வைப் போட்டுக் கட்டிய கர்னலில் மட்டுமே இந்தக் கோப்பு வரும். டெபியனும் உபுண்டுவும் அதைப் போடுவதில்லை. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் அது தனி மாட்யூல் (தேவைப்படும்போது கர்னலில் ஏற்றும் துண்டு). ‘கான்ஃபிக்ஸ்’ என்ற பெயரில் மாட்ப்ரோப் கட்டளையால் அதை ஏற்றினால்தான் கோப்பு தலைகாட்டும்.

கர்னல் இமேஜ் (கட்டி முடித்த கர்னல் கோப்பு) மட்டும் கையில் இருந்தால், மூலநிரலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவிலுள்ள எக்ஸ்ட்ராக்ட்-ஐகேகான்ஃபிக், அதற்குள்ளிருந்து கான்ஃபிக்கை எடுக்கும் ஸ்கிரிப்ட், உதவும். அதற்கும் அதே தேர்வு போட்டிருக்க வேண்டும்.

எங்கே பார்த்தாலும் ‘ஒய்’ என்றால் கர்னலுக்குள்ளேயே இருக்கிறது, ‘எம்’ என்றால் மாட்யூல், ‘இஸ் நாட் செட்’ என்றால் இல்லை. வரியே காணோமென்றால் உடனே ‘இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள், பெயர் மாறியிருக்கலாம். ரெட்போலைன் (ஸ்பெக்டர் என்ற சிபியூ பாதுகாப்பு ஓட்டைக்கான தடுப்பு) தேர்வுக்கு 6.9 பதிப்பிலிருந்து முன்னால் ‘மிட்டிகேஷன்’ ஒட்டிக்கொண்டது. முழுப் பழைய பெயரைத் தேடினால் வெறுங்கைதான்; ‘ரெட்போலைன்’ என்று மட்டும் தேடுங்கள், கிடைக்கும்.