போன் 80%-லயே சார்ஜ் நிக்குதா? கடைக்கு ஓடாதீங்க, நான் 4,600 ரூபா தண்டம் அழுத கதை

போன் ரிப்பேர் கடை பேரு போட மாட்டேன், அது வேற பஞ்சாயத்து ஆயிடும். மதுரைல பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சந்து, அவ்ளோதான். நான் லைன் சேல்ஸ்ல இருக்கேன், காலைல எட்டு மணிக்கு பைக் எடுத்தா ராத்திரிதான் வீடு, ஆர்டர் எடுக்கற ஆப்பு, பில் போடற ப்ளூடூத் பிரிண்டரு, ஜிபே எல்லாம் அந்த ஒரு போன்லதான் ஓடுது, சாயங்காலம் சார்ஜ் இல்லன்னா அன்னைக்கு கலெக்ஷனே இல்ல.

மே மாசம் போன்ல ஒரு அப்டேட் வந்துச்சு, போட்டேன். முடிஞ்சதும் என்னென்னமோ கேட்டுச்சு, நானும் படிக்காம ஓகே ஓகேன்னு அமுக்கிட்டு கிளம்பிட்டேன். ரெண்டு நாள் கழிச்சுதான் கவனிச்சேன், ராத்திரி பூரா சார்ஜ்ல கிடந்தாலும் காலைல 80%. வீட்டுக்காரம்மா சார்ஜர்ல போட்டேன், 80. கேபிள் மாத்துனேன், 80. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், அப்பவும் 80தான், 79ம் இல்ல 81ம் இல்ல. இங்கயே எனக்கு பொறி தட்டியிருக்கணும், தட்டல.

கடைல காட்டுனேன். போனை கையில வாங்கி ரெண்டு செகண்ட் பாத்துட்டு "பேட்டரி வீக்கு சார், 80க்கு மேல தாங்காது" அப்படின்னாரு. அவ்ளோ நம்பிக்கையா சொன்னதால நானும் தலையாட்டிட்டேன். இது சுத்தப் பொய்னு இப்பதான் தெரியுது. பேட்டரி வீக் ஆனாலும் 100 காட்டும்ங்க, ஏன்னா அந்த பர்சன்ட் பேட்டரிக்கு இப்ப என்ன கொள்ளளவு மிச்சம் இருக்கோ அதுக்குதான் கணக்கு, புதுசுல இருந்த கொள்ளளவுக்கு இல்ல. வீக் பேட்டரி சீக்கிரமா 100 ஆகும், சீக்கிரமா இறங்கும், 30 இருக்கும்போது பொசுக்குனு ஆஃப் ஆகும். தினமும் ஒரே நம்பர்ல போய் டக்குனு நிக்காது.

பேட்டரி 1,650. "ஒரிஜினல் சார், ஆறு மாசம் கேரண்டி"ன்னாரு, பில்லு கேட்டேன், விசிட்டிங் கார்டு பின்னாடி தேதி எழுதி குடுத்தாரு. பழைய பேட்டரிய கேட்டா "அத வச்சு என்ன சார் பண்ணப் போறீங்க, வேஸ்ட்ல போட்டாச்சு". வீட்டுக்கு வந்து சார்ஜ் போட்டா, 80.

மறுநாள் போனா சிசி போர்டு போச்சாம், 750. (சிசி போர்டுன்னா கீழ கேபிள் சொருகற பின்னு இருக்கற சின்ன போர்டு. அது நிஜமாவே போயிருந்தா கேபிளை ஆட்டி ஆட்டி வைக்கணும், சார்ஜ் விட்டு விட்டு ஏறும், இல்ல ஏறவே ஏறாது. எனக்கு 80 வரைக்கும் ஜம்முனு ஏறிட்டு இருந்துச்சு.) அதுவும் மாத்தி, அதே 80.

மூணாவது தடவை ஆளே மாறிட்டாரு, முகம் சீரியஸ் ஆயிடுச்சு. ஒரு மெஷின்ல வயர் மாட்டி ஆம்பியர் நம்பர் ஓடறத காட்டி "பாருங்க சார், சார்ஜிங் ஐசி ஷார்ட்டு, இத விட்டா போர்டே டெட் ஆயிடும்"னு சொன்னாரு (ஐசின்னா மெயின் போர்டுல சார்ஜ் ஏறறத பாத்துக்கற சின்ன சிப்பு), எனக்கு கை கால் ஓடல, போன்ல கஸ்டமர் கணக்கு பூரா இருக்கு. 2,200 கேட்டாரு, குடுத்தேன், மூணு மணி நேரம் கழிச்சு வரச் சொன்னாரு. போனா ஸ்க்ரீன்ல 100%! சந்தோஷத்துல அங்க இருந்த பையனுக்கு டீ குடிக்க 50 ரூபா வேற குடுத்துட்டு வந்தேன், அத நெனச்சாதான் இன்னும் வயிறு எரியுது.

ஆடி 18க்கு மச்சான் குடும்பத்தோட வந்திருந்தாரு. அவர் பையன் இன்ஜினியரிங் படிக்கிறான், அவன் போன் ஹால்ல சார்ஜ்ல கிடக்கு, பாத்தா 80ல நிக்குது. "டேய் உனக்கும் ஐசி போச்சாடா"ன்னு கேட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். "மாமா, நான்தான் அப்படி வச்சிருக்கேன், பேட்டரி ரொம்ப நாள் வரட்டும்னு"ங்கறான். லித்தியம் பேட்டரிய எப்பவும் ஃபுல்லா நிரப்பி சூட்டுல வச்சா சீக்கிரம் தேஞ்சிடுமாம், அதுக்காக கம்பெனிக்காரனே 80ல நிறுத்தற மாதிரி செட்டிங் குடுத்திருக்கான். சாம்சங்ல செட்டிங்ஸ், பேட்டரிக்குள்ள போனா பேட்டரி ப்ரொடெக்ஷன்னு இருக்கு, அதுல மேக்ஸிமம் வச்சா 80ல நிக்கும், பழைய மாடல்கள்ல ப்ரொடெக்ட் பேட்டரின்னு 85ல நிக்கும். ஐபோன் 15ல இருந்து 80% லிமிட் இருக்கு, 2024ல வந்த ஐஓஎஸ் 18ல 80ல இருந்து 100 வரைக்கும் அஞ்சு அஞ்சா நாமளே வச்சுக்கலாம். கூகுள் பிக்சல் போன்லயும் இருக்கு. இது போக போன் ரொம்ப சூடானாலும் 80 பக்கம் சார்ஜ் நின்னுடும், ஆறுனதும் ஏறும், மே மாசம் மதுரை வெயில்ல பைக் ஹோல்டர்ல மாட்டி சார்ஜ் போடறவங்களுக்கு இது சர்வ சாதாரணம்.

என் போனை வாங்கி அதே இடத்துக்கு போனான். எல்லாம் ஆஃப்ல இருந்துச்சு. "இத யார் மாமா ஆஃப் பண்ணது?" எனக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே அன்னைக்குதான் தெரியும். அப்டேட் அன்னைக்கு நான் ஓகே ஓகேன்னு அமுக்குனதுல ஆன் ஆயிருக்கும், கடைக்காரர் அத ஆஃப் பண்ணிட்டுதான் 100 காட்டியிருப்பாரு.

சந்தேகத்துக்கு சர்வீஸ் சென்டர்ல குடுத்து திறந்து பாக்கச் சொன்னேன். அங்க இருந்த தம்பி சொன்னாரு, ஐசி மேல மூடியிருக்கற தகடு கம்பெனில போட்டபடியே இருக்கு, யாரும் கையே வைக்கலையாம். உள்ள இருக்கறது லோக்கல் பேட்டரி, அதுல பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் இல்ல, ஆர்-னு ஆரம்பிக்கற ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரும் இல்ல, நம்ம ஊர்ல விக்கற பேட்டரில அது இருந்தே ஆகணும். பின்மூடிய சூடு காட்டி பிரிச்சவங்க கம்மும் சரியா ஒட்டல, இனிமே மழைல நனைஞ்சா கேரண்டி இல்ல சார்ன்னுட்டாரு. மொத்தத்துல ஒண்ணுமே ஆகாம இருந்த போன்!

நேரா கடைக்கு போனேன். "அதான் 100 வருதுல்ல சார், அப்பறம் என்ன?"ங்கறாரு. செட்டிங்க பத்தி கேட்டேன், அடுத்த கஸ்டமர பாக்கற மாதிரி திரும்பிட்டாரு. 1915க்கு, அதான் நுகர்வோர் ஹெல்ப்லைன், கூப்பிட்டு புகார் பதிஞ்சிருக்கேன். கையில இருக்கறது விசிட்டிங் கார்டும் மூணு ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டும்தான், பாப்போம். ஆன்லைன்ல குடுத்ததால அதாவது இருக்கு.

இப்ப அவர் போட்ட பேட்டரி மத்தியானம் மூணு மணிக்கே 20க்கு வந்துடுது, முன்னாடி அந்த 80 சார்ஜே ராத்திரி ஏழு வரைக்கும் வந்துச்சு. அதனால கடைசியா ஒண்ணே ஒண்ணு கேட்டேன், என் பழைய பேட்டரியவாவது குடுங்கண்ணே, பைசா வேணாம்னு. இல்லன்னாரு. நல்லா இருந்த கம்பெனி பேட்டரி, இந்நேரம் யாரோ ஒருத்தர் போன்ல ஒரிஜினல்னு சொல்லி ஏறியிருக்கும்.