ஃபுல் காண்டாக்ட் போட்டிக்குத் துணி ஷின் கார்டு: ஒரு மதிப்பீடு

சென்னையில் விளையாட்டுப் பொருள் கடைக்குச் சென்று கராத்தேக்கான ஷின் கார்டு, அதாவது கணைக்கால் காப்பு, கேட்டால், சிவப்பிலும் நீலத்திலும் பளபளக்கும் செயற்கைத் தோல் காப்பையே பெரும்பாலும் முதலில் எடுத்து வைக்கிறார்கள். அது உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதிப்படி நடக்கும் புள்ளிப் போட்டிகளுக்கு உரியது. பின்பக்கம் வெல்க்ரோ பட்டைகளும், கழற்றி மாட்டக்கூடிய பாதக் காப்பும் கொண்டது. கியோகுஷின் என்னும் கராத்தே பாணியின் வழிவந்த, முழு வலுவுடன் அடித்து மோதும் ஃபுல் காண்டாக்ட் போட்டிகளுக்கு வேண்டியது வேறு பொருள். காலுறையை இழுத்துப் போடுவதுபோல் மாட்டிக்கொள்ளும் வெள்ளை நிற மீள்துணி உறை அது. கணைக்காலின் முன்புறத்திலும் புறங்காலின் மேலும் மட்டும் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்திருப்பார்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்தோர் பிரிவில் போட்டியிடுகிறேன். டோஜோவில் (பயிற்சிக்கூடத்தில்) சிறுவர்களின் பயிற்சிக்கும் உதவுகிறேன். இந்த இரு வகையிலும் உள்நாட்டில் தயாரான துணி உறை ஒன்றை ஒரு போட்டிப் பருவம் முழுவதும் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். முத்திரைப் பெயரைத் தவிர்த்திருக்கிறேன், ஏனென்றால் அதே தையலும் அதே ஸ்பாஞ்சும் கொண்ட உறையை வெவ்வேறு பெயர்களில் விற்கக் கண்டிருக்கிறேன். எனவே வாங்குபவர் பார்க்க வேண்டியது பெயரை அன்று, செய்முறையை.

இந்தக் காப்பை யார் அணிய வேண்டும் என்பதிலேயே பலருக்குக் குழப்பம் இருக்கிறது. கியோகுஷினை நிறுவிய மசுதாத்சு ஓயாமா 1969-இல் டோக்கியோவில் நடத்திய முதல் அகில ஜப்பான் ஓபன் போட்டியில், தெருதோமோ யமாசாகி வென்ற அந்தப் போட்டியில், கையுறையோ கால் காப்போ கிடையாது. கையால் முகத்தில் குத்தக்கூடாது, இடுப்புக்குக் கீழே உள்ள உயிர்நிலையைத் தாக்கக்கூடாது என்பன போன்ற சில தடைகளைத் தவிர, முழு வலுவுடன் அடிப்பதே விதியாக இருந்தது. பெரிய போட்டிகளின் ஆடவர் பிரிவில் இன்றும் கணைக்கால் வெறுமையாகத்தான் இருக்கிறது. உயிர்நிலைக் காப்பும், சில அமைப்புகளில் பல் காப்பும் மட்டுமே அணிகிறார்கள். துணி ஷின் கார்டு கட்டாயமாவது சிறுவர், பெண்கள், மூத்தோர், புதியவர் ஆகிய பிரிவுகளில்தான், அதுவும் அமைப்புக்கு அமைப்பு மாறும். ஓயாமா 1994-இல் மறைந்த பிறகு கியோகுஷின் பல அமைப்புகளாகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு விதித்தாளை வைத்திருக்கிறது. ஆகவே அழைப்பிதழோடு வரும் விதிகளைப் படித்துவிட்டுக் கடைக்குப் போவதே பணத்தை மிச்சப்படுத்தும் வழி.

கடைக்காரர்கள் ஷின் கார்டை விற்கும்போது அதன் தடிமனைத்தான் பெருமையாகச் சொல்கிறார்கள். புள்ளிப் போட்டியில் அந்தப் பெருமைக்கு ஓரளவு பொருள் உண்டு, ஏனெனில் அங்கே கால் இலக்கைத் தொட்டவுடன் நடுவர் ஆட்டத்தை நிறுத்திப் புள்ளி வழங்குகிறார். ஃபுல் காண்டாக்ட் போட்டிகள் நடக்கும் நாக்டவுன் விதியில் ஆட்டம் அப்படி நிற்பதில்லை. எதிராளி விழுந்து மூன்று நொடிக்குள் எழுந்து தொடர்ந்தால் வசாரி என்னும் அரைப் புள்ளி, மூன்று நொடிக்கு மேல் எழ முடியாவிட்டால் இப்போன் என்னும் முழு வெற்றி. இரண்டும் நேராதபோது நான்கு மூலைகளிலும் அமர்ந்திருக்கும் துணை நடுவர்கள் சிவப்புக் கொடியையோ வெள்ளைக் கொடியையோ உயர்த்தும் வரை மோதல் நீள்கிறது. பெரியவர்களுக்கான முதற்சுற்று பொதுவாக மூன்று நிமிடம். முடிவு கிடைக்காவிட்டால் இரண்டு நிமிட நீட்டிப்பு. அந்த நேரம் முழுவதும் தொடையைக் குறிவைத்து லோ கிக் என்னும் தாழ்ந்த உதை விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு லோ கிக்கையும் எதிராளி தன் முழங்காலை உயர்த்திக் கணைக்கால் எலும்பால் தடுக்க முயல்வார். எலும்பும் எலும்பும் மோதும் அந்தக் கணம்தான் இந்தக் காப்புக்கு உண்மையான சோதனை. தடித்த காப்பு அந்த மோதலை இன்னும் நன்றாகத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அது காலைவிட்டு வெளியே துருத்தி நிற்பதால் அடுத்த மோதலில் பக்கவாட்டில் திரும்பிவிடும். திரும்பிய காப்பு கெண்டைச் சதையைக் காக்குமே தவிர எலும்பைக் காக்காது. காலோடு ஒட்டி, இடம் மாறாமல் இருக்கும் மெல்லிய காப்பே இங்கே மேலானது என்பது என் கருத்து. கீழே சொல்லும் நிறை குறைகளையெல்லாம் இந்த அளவுகோலில்தான் எடைபோட்டிருக்கிறேன்.

அந்த அளவில் பார்த்தால், நான் பயன்படுத்திய உறை கணைக்கால் பகுதியில் நன்றாகவே தேறியது. முழங்காலுக்கு இரண்டு விரற்கடை கீழே தொடங்கிக் கணுக்கால் வரை ஒரே துண்டாக வரும் ஸ்பாஞ்சின் ஓரங்கள் துணிக்குள் சரிவாக இறங்கியிருப்பதால், உதைக்கும்போது எதிராளியின் தோலைக் கீறும் விளிம்பு எதுவும் இல்லை. வெல்க்ரோ இல்லாததால் ஆட்டத்தின் நடுவே பட்டை அவிழ்ந்து தொங்குவதும், அதைக் கட்டுவதற்காக நடுவர் ஆட்டத்தை நிறுத்துவதும் இல்லை. இதை அற்பமென்று நினைப்பவர்கள், தாங்கள் அடுக்கடுக்காகத் தாக்கிக்கொண்டிருக்கும்போது ஆட்டம் நின்று, திணறிக்கொண்டிருந்த எதிராளி நிதானமாக மூச்சு வாங்குவதை இன்னும் பார்க்காதவர்கள். தடுப்பில் கூர்மையான வலி மழுங்கி ஒரு மந்தமான அழுத்தமாக மட்டும் உணரப்படுகிறது; அடுத்த உதையை அதே காலால் தயங்காமல் கொடுக்க அது போதும். தாக்கும் பக்கத்திலிருந்து பார்த்தால், ஸ்பாஞ்சு மெல்லியதாக இருப்பதால் லோ கிக்கின் கனம் தொடைக்குள் இறங்குவதில் குறையில்லை. காப்பு அணிந்த பிரிவென்றால் வலிக்காது என்று நம்பி வரும் புதியவர்கள் முதல் ஆட்டம் முடிந்து இறங்கும்போது படியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறார்கள்.

புறங்கால் பகுதியைப் பற்றி இவ்வளவு நல்லபடியாகச் சொல்ல முடியவில்லை. ஃபுல் காண்டாக்டில் கால் மிகுதியாக அடிபடுவது தொடையில் மோதும்போது அன்று. விலாவைக் குறிவைத்து வீசிய நடு உதை எதிராளியின் மடங்கிய முழங்கையில் போய் விழும்போதுதான். முழங்கையின் கூர்முனை புறங்காலின் மெல்லிய எலும்புகள் மேல் இறங்கினால், அந்தக் காலை ஊன்றி நிற்பதே பெரும்பாடாகிவிடும். இந்த உறையில் புறங்காலின் மேல் வரும் ஸ்பாஞ்சு கணைக்கால் ஸ்பாஞ்சின் தடிமனில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கிறது. விரல்களின் அடிமூட்டு வரையும் அது எட்டவில்லை. அதைவிடப் பெரிய குறை இரண்டு ஸ்பாஞ்சுகளுக்கும் நடுவே, கணுக்கால் மடியும் இடத்தில் உள்ள வெற்று இடைவெளி. கால் மடங்க இடம் வேண்டும் என்பதற்காக விடப்பட்டது அது. ஆனால் விட்ட அளவு அதிகம். பாதத்தை நன்றாக நீட்டி உதைக்கும்போது அந்த இடைவெளி இன்னும் அகலமாகிறது. ஜப்பானில் இவ்வகைப் போட்டிக்கென்றே காப்புகள் செய்யும் இசாமி போன்ற நிறுவனத்தின் உறையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதில் புறங்கால் ஸ்பாஞ்சு மேலேறி வந்து இந்த இடைவெளியைப் பெரிதும் மூடியிருந்தது. இறக்குமதிச் செலவும் சுங்கமும் சேர்ந்து அதன் விலை உள்நாட்டு உறையின் விலையைப்போலப் பல மடங்காகிவிடுவதால், ஆண்டுக்கு ஓரிரு போட்டியில் மட்டும் இறங்குபவருக்கு அதைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. நடு உதையையே தம் முதன்மை ஆயுதமாக வைத்திருப்பவர் மட்டும் அந்தச் செலவைப் பற்றி யோசிக்கலாம்.

உள்ளங்காலின் கீழே ஓடும் மீள்பட்டையைப் பற்றியும் ஒரு சொல். அது அகலம் குறைந்ததாக இருந்தால்தான் வெறுங்கால் தரையைப் பற்றும், சுழன்று உதைக்கும்போது ஊன்றிய கால் வழுக்காது. இந்த உறையில் பட்டை சற்று அகலம். புதிய விரிப்பில் தொல்லை தரவில்லை, வழவழப்பாகத் தேய்ந்த பழைய விரிப்பில் வழுக்குகிறது.

எந்த ஷின் கார்டும் மூடாத இடங்கள் இரண்டு இருக்கின்றன. விளம்பரங்கள் அவற்றைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஒன்று குதிகால். 1987-இல் நிப்பான் புடோக்கானில் நடந்த நான்காவது உலக ஓபன் போட்டியின் இறுதியாட்டத்தில் அகியோஷி மாட்சுயியை எதிர்த்து நின்ற சுவிட்சர்லாந்து வீரர் ஆண்டி ஹுக், காலை உயர்த்திக் குதிகாலைத் தலைமேல் இறக்கும் ககாட்டோ உதைக்காகவே பெயர் பெற்றவர். மாட்சுயி அந்த இறுதியில் வென்றார் என்றாலும், அந்த உதையைத் தம் டோஜோவில் பழகிப் பார்க்காத இளைஞர்கள் அதன்பின் குறைவு. அந்த உதை நம் சிறுவர் போட்டிகளிலும் இப்போது வருகிறது, அதில் படுவது வெறும் குதிகால். மற்றொன்று முழங்கால். நெருங்கி நின்று நெஞ்சோடு நெஞ்சு மோதும் கட்டத்தில் விலாவில் ஏறும் முழங்கால் உதைக்கு ஷின் கார்டு எந்த வகையிலும் தடையில்லை. சில அமைப்புகள் சிறுவர்களுக்கு முழங்கால் உறையையும் தலைக்கவசத்தையும் கட்டாயமாக்கியிருப்பதில் நியாயம் இருக்கிறது. ஷின் கார்டு வாங்கிக் கொடுத்துவிட்டோம், இனிப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கும் பெற்றோரிடம் பயிற்சியாளர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

நம் ஊர் வெக்கையில் இந்த உறை எப்படித் தாக்குப் பிடிக்கிறது என்பது இறக்குமதிப் பொருள்களுக்கான மதிப்பீடுகளில் கிடைக்காத தகவல். ஏப்ரல், மே மாதங்களில் குளிர்சாதனம் இல்லாத உள்ளரங்கில், தகரக் கூரைக்குக் கீழே, காலையில் பெயர் பதிந்து எடை பார்த்துவிட்டுப் பிற்பகல் வரை தன் முறைக்காகக் காத்திருப்பது இங்கே இயல்பு. ஒரு ஆட்டம் முடிவதற்குள் உறை வியர்வையில் ஊறிவிடுகிறது. ஊறிய ஸ்பாஞ்சு கனக்கிறது, துணியின் இறுக்கம் தளர்கிறது, அடுத்த ஆட்டத்தில் உறை மெல்லக் கீழிறங்கத் தொடங்குகிறது. பெயர் அழைக்கப்படும் வரை உறையைக் கழற்றி வைத்திருப்பதே இதற்கு எளிய தீர்வு. மாற்று இணை ஒன்று பையில் இருந்தால் இன்னும் நல்லது. துவைப்பதில் கவனம் வேண்டும். சலவை இயந்திரத்தில் போட்டால் ஸ்பாஞ்சு உள்ளேயே மடங்கிக் கட்டியாகிவிடும். கொளுத்தும் வெயிலில் காயப்போட்டால் ஸ்பாஞ்சு வறண்டு பொடிந்து, மீள்துணியின் இழுவையும் போய்விடும். உட்புறத்தை வெளியே திருப்பி, மென்மையான சோப்பு நீரில் கையால் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட்டால் நெடுநாள் வரும். டோஜோவின் பொதுப் பெட்டியில் கிடக்கும் உறையை ஆளாளுக்கு எடுத்து மாட்டும் பழக்கம் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். படர்தாமரை ஒருவர் காலில் வந்தால் வகுப்பே சொறிந்துகொண்டு நிற்கும்.

தையலின் தரம் சீராக இல்லை. ஒரே நேரத்தில் டோஜோவுக்கு வாங்கிய உறைகளில் சிலவற்றில் உள்ளங்கால் பட்டை இரட்டைத் தையலிலும் சிலவற்றில் ஒற்றைத் தையலிலும் இருந்தது. ஒற்றைத் தையல் விரைவில் பிரிந்தது. தெருமுனைத் தையற்காரர் சில்லறைக் கூலிக்கு அதை இரட்டைத் தையலாக மாற்றிக் கொடுத்தார், அதன்பிறகு தொல்லை இல்லை. எண்ணூறு ரூபாய்க்குள் கிடைக்கும் பொருளுக்கு இது பொறுத்துக்கொள்ளக்கூடிய குறைதான் என்றாலும், வாங்கும்போதே பட்டையைத் திருப்பித் தையலைப் பார்த்து எடுத்தால் அந்த நடையும் மிச்சம். வெள்ளையைத் தவிர வேறு நிறம் எடுக்க வேண்டாம். கறுப்பு அழுக்குத் தெரியாது என்று கடையில் சொல்வார்கள். பல போட்டிகளில் காப்புகளைச் சரிபார்க்கும் மேசையிலேயே அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள்.

அளவு தேர்ந்தெடுக்கும்போது உயரத்தையும் வயதையும் வைத்துக் கடைக்காரர் சொல்லும் அளவை அப்படியே ஏற்க வேண்டாம். முழங்கால் சில்லுக்குக் கீழிருந்து கணுக்கால் மடிப்பு வரை உள்ள நீளத்தையும், கெண்டைச் சதையின் மிகப் பருத்த இடத்தின் சுற்றளவையும் அளந்துகொண்டு போக வேண்டும். இரண்டும் வெவ்வேறு அளவைக் காட்டினால் சுற்றளவு காட்டும் சிறிய அளவையே எடுப்பது நல்லது. முதல் வாரம் கெண்டையில் துணியின் தடம் பதியும் அளவுக்கு இறுக்கமாக இருந்தாலும் துவைக்கத் துவைக்கச் சரியாகிவிடும். கால் மரத்துப்போகும் அளவுக்கு இறுக்கினால் மட்டும் மாற்ற வேண்டும். பள்ளிச் சீருடையைப் போல வளரட்டும் என்று ஒரு அளவு பெரிதாகப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பது இங்கே செல்லாது. நீளம் கூடிய உறை முழங்கால் மடிப்பில் ஏறிக்கொண்டு உதையின் உயரத்தைக் குறைக்கும், தளர்ந்த உறை முதல் தடுப்பிலேயே கெண்டைக்குச் சுற்றிக்கொள்ளும். அடுத்த ஆண்டு கால் நீண்டுவிட்டால் பழையதை வகுப்பில் தனக்கு இளையவனுக்கு நன்றாகத் துவைத்துக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கலாம். இந்த விலையில் அது பெரிய இழப்பில்லை.