ஒளியா, மின்சாரமா? பாம்பன் பாலத்தில் நின்று ஒரு கணக்கு

பாம்பன் சாலைப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால், இரண்டு வல்லங்கள் கிளப்பிவிட்ட அலைகள் ஒன்றையொன்று குறுக்கே கடந்து, எதுவுமே நடக்காதது போல அதது தன் பாட்டுக்குப் போவது தெரியும். பக்கத்திலேயே ரயில் பாலம். கப்பலுக்காகத் தூக்குப் பாலம் மேலே ஏறினால் ரயில் நின்றே ஆக வேண்டும். "மாமா, ப்ராஜெக்டுக்கு, மின்சாரத்துக்குப் பதில் ஒளியை வைத்துக் கணக்குப் போடும் ஒளிக் கணினி எடுக்கட்டுமா?" என்று அக்கா மகன் கேட்டபோது இந்த இரண்டையும்தான் காட்டினேன்.

இன்றைய கணினிச் சில்லுக்குள் இருக்கும் குட்டி மின் ஸ்விட்சான டிரான்சிஸ்டர் என்பது ரயில் பாலம். ஒரு மின்னழுத்தம் வந்து இன்னொரு மின்னோட்டத்தை நிறுத்தும், விடும். ஆமா இல்லையா என்று முடிவெடுக்க அது போதும். ஒளியோ வல்லத்து அலை. ஒரே கண்ணாடி இழையில் பல நிறங்கள் கலக்காமல் போகும், 2020-இல் திறந்த சென்னை-அந்தமான் கடலடிக் கேபிள் ஓடுவதும் ஒளியில்தான். ஆனால் ஒன்றையொன்று சட்டை செய்யாத இரண்டு கற்றைகளை வைத்து ஸ்விட்ச் போடுவது எப்படி? தனிப் பொருள், பலமான ஒளி எல்லாம் வேண்டும், ஒளியால் மின்சாரம் மிச்சம் என்ற பேச்சே அங்கே அடிபட்டுப் போகிறது.

ஒளி வேகமானது, அதனால் கணினியும் வேகம் என்பதெல்லாம் சும்மா. சிலிக்கான் தடத்துக்குள் ஒளித்துடிப்பு வெற்றிடத்தில் போவதில் கால்வாசி வேகத்தில்தான் போகிறது, சர்க்யூட் போர்டின் செம்புத் தடத்திலோ சமிக்ஞை சுமார் பாதி வேகத்தில் ஓடும். லாபம் வேறு இடத்தில்: ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கொஞ்சம் தாமதப்படுத்தி மறுபடி சேர்த்தால், போகிற போக்கிலேயே பெருக்கல் முடிந்துவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு 2017-இல் இப்படி 56 அமைப்புகளை ஒரே சில்லில் வைத்து உயிரெழுத்து ஒலிகளை அடையாளம் காண வைத்தது. சுமார் 77 சதவீதம் சரி. சாதாரணக் கணினிக்கு 90-ஐ ஒட்டி வந்தது.

அளவிலும் ஒளிக்கு அடிதான். ஒளித்தடம் ஒன்றுக்கே அகலம் 500 நானோமீட்டர் அளவில் வேண்டும், இன்றைய நல்ல மின்சில்லில் ஒரு சதுர மில்லிமீட்டருக்குள் 10 கோடிக்கு மேல் டிரான்சிஸ்டர்கள். நினைவகத்துக்கும் மின்சாரத்திடமே போக வேண்டும், அப்படிப் போய் வரும் ஒவ்வொரு முறையும் ஒளியை மின்சாரமாக்கி மறுபடி ஒளியாக்கும் மாற்றுக்கூலி உண்டு.

அதனால் என் ஓட்டு கலப்புக்கு: பெருக்கலும் போக்குவரத்தும் ஒளியில், முடிவும் நினைவும் மின்சாரத்தில். முழு ஒளிக் கணினி வேண்டாம் என்றேன், அவன் முகம் சுருங்கியது. சரி, பெருக்கல் பகுதியை மட்டும் எடு, ஆனால் சூடு ஏறினால் சிலிக்கானின் ஒளிவிலகல் எண்ணே மாறி, அந்தத் தாமதமும் தப்பிவிடும், நம்ம ஊர் மே மாதத்தில் ஏசி இல்லாத லேபில் அளந்துவிடாதே என்று சொல்லி அனுப்பினேன்.