வியர்வையில் கலையாத ‘ஸ்போர்ட்’ மேக்கப்: பணம் கட்டுவதற்கு முன் படிக்க வேண்டிய எச்சரிக்கை

உடற்பயிற்சி செய்வோருக்கென்றே தயாரிக்கப்பட்டவை, எவ்வளவு வியர்த்தாலும் முகத்தை விட்டுப் போகாதவை என்ற விளம்பரத்தோடு இணையத்தில் விற்கப்படும் ஒப்பனைப் பொருள்களை வாங்க நினைப்பவர்கள், குறிப்பாகச் சென்னை போன்ற கடலோர ஊர்களில் காலையில் ஓடுபவர்களும் ஜிம்முக்குப் போகும் பெண்களும், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் வாங்கிய பொருளின் பெயரை இங்கே எழுதவில்லை. அது தொடர்பான புகார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. அது முடியும்வரை பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று வழக்கறிஞரான என் அத்தை மகள் சொல்லியிருக்கிறார். பெயர் தெரியாததால் உங்களுக்குப் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. இதே முறையில் விற்பவர்கள் பலர் இருக்கிறார்கள், அந்த முறையைத் தெரிந்துகொண்டால் போதும்.

நான் வாங்கியது நான்கு பொருள்கள் அடங்கிய ஒரு பெட்டி. வெயிலைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் எஸ்பிஎஃப் அளவு 100 என்று அச்சிட்ட சன்ஸ்கிரீன் ஸ்டிக், நிறம் கலந்த ஃபவுண்டேஷன், மஸ்காரா, பயிற்சி முடிந்ததும் முகத்தில் அடித்துக்கொள்ள ஒரு ஸ்பிரே. விலை 2,499 ரூபாய். எட்டு மணி நேரம் வியர்வையைத் தாங்கும், தோலின் துளைகளை அடைக்காது, தோல் மருத்துவர்களால் சோதிக்கப்பட்டது, கொரியத் தொழில்நுட்பம் என்று பெட்டியின் முன்பக்கம் முழுவதும் வாக்குறுதிகள். எங்கள் ஓட்டக் குழுவுக்குப் பயிற்சி தருபவர் வாட்ஸ்அப்பில் தள்ளுபடிக் குறியீட்டோடு அதைப் பரிந்துரைத்திருந்தார். அந்தக் குறியீட்டைப் போட்டு யார் வாங்கினாலும் அவருக்கு ஒரு பங்கு போகிறது என்பதையோ, அவர் அந்தப் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்த்ததில்லை என்பதையோ அவர் அப்போது சொல்லவில்லை. விளம்பரம் செய்பவர் தமக்கும் விற்பவருக்கும் உள்ள கொடுக்கல் வாங்கலை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. அது சினிமா நட்சத்திரங்களுக்கு மட்டும் உரியது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் கோடைக் காலத்தில் ஓடியவர்களுக்கு அங்கே வியர்வை எப்படி நடந்துகொள்ளும் என்று தெரியும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் நெற்றியிலிருந்து வழிந்துகொண்டே இருக்கும். அந்த சன்ஸ்கிரீன் முதல் இரண்டு கிலோமீட்டருக்குள் வியர்வையோடு கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. எரிச்சல் தாங்காமல் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, பதநீர் விற்கும் அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் கண்ணைக் கழுவ வேண்டியதாயிற்று. ஃபவுண்டேஷன் கன்னத்தில் கோடு கோடாகப் பிரிந்து, கழுத்துப் பட்டையில் காவி நிறத்தில் படிந்தது. மஸ்காரா மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. சாதாரண ஃபேஸ் வாஷுக்கு அசையாமல், தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்த பிறகே இமையை விட்டுப் போனது.

சில வாரங்களில் தொப்பியின் விளிம்பு படும் நெற்றியிலும் தாடை ஓரத்திலும் சிறு சிறு பருக்களும், ஸ்பிரே பட்ட இடங்களில் அரிப்புடன் கூடிய சிவப்பும் வந்தன. நான் பார்த்த தோல் மருத்துவர் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துச் சொன்னார். பருக்கள், வியர்வையும் வெப்பமும் உராய்வும் சேரும் இடத்தில், அதன்மேல் ஒட்டிக்கொள்ளும் படலத்தையும் பூசிவிட்டு ஓடுவதால் வருபவை. தலைக்கவசமும் முகக்கவசமும் அணிபவர்களுக்கு வருவதும் ஏறத்தாழ இதே வகைதான். சிவப்பு, பெரும்பாலும் ஸ்பிரேயில் இருந்த வாசனைப் பொருளுக்குத் தோல் காட்டிய எதிர்ப்பு. ‘துளைகளை அடைக்காது’ என்ற சொல்லுக்குச் சட்டம் வகுத்த அளவுகோல் எதுவும் இல்லை, யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்றும் அவர்தான் சொன்னார். எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, டப்பாக்களைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொன்னார். பிறகு அந்த அறிவுரைதான் பெரிதும் உதவியது.

‘வியர்வையில் போகாது’ என்ற சொல்லின் கதையையும் இங்கே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாக அமைப்பு 2011இல் வெளியிட்ட விதியின்படி, அங்கே விற்கும் சன்ஸ்கிரீன்களில் ‘வியர்வை புகாதது’, ‘நீர் புகாதது’ என்ற சொற்களைப் போடவே கூடாது. நீரில் ஊறவைத்துச் சோதித்த பிறகும் எஸ்பிஎஃப் அளவு நிற்கிறது என்று காட்டினால், ‘நீரைத் தாங்கும், 40 நிமிடம்’ அல்லது ‘80 நிமிடம்’ என்று மட்டும் போடலாம். அந்த நேரம் முடிந்ததும், துண்டால் முகத்தைத் துடைத்தால் உடனேயும், மீண்டும் பூச வேண்டும் என்றும் எழுத வேண்டும். முறையான சோதனைக்குப் பிறகும் அங்கே ஒருவர் சட்டப்படி சொல்லக்கூடிய உச்ச அளவே 80 நிமிடம் என்னும்போது, எட்டு மணி நேரம் என்று எழுதியவர் எந்தச் சோதனையை வைத்து எழுதினார் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நான் கேட்டேன். ‘எங்கள் ஆய்வுக்கூடத்தின் உள் ஆய்வு’ என்ற பதிலைத் தவிர ஒரு தாள்கூட வரவில்லை.

எஸ்பிஎஃப் 100 என்பதும் பார்த்தவுடன் மயக்கும் எண். எஸ்பிஎஃப் 30 தோலைச் சிவக்கச் செய்யும் சூரியனின் புறஊதா பி கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தையும், 50 ஏறத்தாழ 98 சதவீதத்தையும், 100 ஏறத்தாழ 99 சதவீதத்தையும் தடுக்கின்றன. எண் இரட்டிப்பாகும்போது பாதுகாப்பு இரட்டிப்பாவதில்லை. இந்த எண்களும் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் என்ற தடிமனில் பூசிச் சோதித்தபோது கிடைத்தவை. நாம் வழக்கமாகப் பூசுவது அதைவிட மிகக் குறைவு. ஸ்டிக் வடிவில் இரண்டு இழுப்பு இழுத்துக்கொண்டு ஓடுபவர்கள் அந்தத் தடிமனை எட்டுவது கடினம். தோலுக்குள் இன்னும் ஆழமாக இறங்கும் புறஊதா ஏ கதிர்களைப் பற்றி எஸ்பிஎஃப் எதுவும் சொல்வதில்லை. அதற்குப் பிஏ என்ற எழுத்துகளும் கூட்டல் குறிகளும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். என் ஸ்டிக்கில் அது இல்லை. அச்சிட்ட எண்ணே உண்மையாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை போலிருக்கிறது. சன்ஸ்கிரீனைக் கடுமையாகக் கண்காணிக்கும் ஆஸ்திரேலியாவிலேயே, சாய்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2025இல் 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது 16 பொருள்கள் தாம் சொல்லிக்கொண்ட எஸ்பிஎஃப் அளவை எட்டவில்லை.

இனி பெட்டியின் பின்பக்கம். சன்ஸ்கிரீன் ஸ்டிக்கின் அடியில் தயாரிப்புத் தேதியும் பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதியும் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் ஒட்டப்பட்டிருந்தன. மருத்துவரிடம் காட்டுவதற்காக எடுத்தபோது அதன் ஓரம் பிரிந்திருந்தது. உரித்துப் பார்த்தால் உள்ளே அச்சிட்ட வேறு தேதி, அதுவும் நான் வாங்கும் முன்பே கடந்துபோன தேதி. காலாவதியான அரிசி மூட்டைக்குப் புதுச் சாக்கு மாற்றுவது போன்ற இந்த வேலையை முகத்தில் பூசும் பொருளிலும் செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வெயிலைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் காலப்போக்கில் வலுவிழக்கக்கூடியவை என்பதால், சன்ஸ்கிரீனில் தேதியை மாற்றுவது வெறும் கணக்கு மோசடி அன்று. அந்தப் பொருளை நம்பி வெயிலில் நிற்பவரின் தோல் அதற்கு விலை கொடுக்கிறது.

உரித்த கையோடு மற்றவற்றையும் பார்த்தேன். இந்தியாவில் தயாரிக்கப்படும் அழகுப் பொருளில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி, உரிம எண், தொகுதி (பேட்ச்) எண், கடைசித் தேதி, சேர்மானங்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டின் அழகுப் பொருள் விதிகள் கூறுவது. இறக்குமதி செய்யப்பட்டதாக இருந்தால் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் வேண்டும். என் பெட்டியில் விற்பனை செய்பவர் என்று ஒரு பெயரும் ஒரு மின்னஞ்சல் முகவரியும் மட்டுமே இருந்தன. கொரியத் தொழில்நுட்பம் என்று முன்னால் பெரிதாகப் போட்டவர்கள், பொருள் கொரியாவில் தயாரானதா, வேறெங்காவது ஒரு கொட்டகையில் நிரப்பப்பட்டதா என்பதைப் பின்னால் எங்கும் சொல்லவில்லை. விலையின் மீதும் ஒரு ஸ்டிக்கர் இருந்தது. குறைத்த விலையைக் காட்ட ஸ்டிக்கர் ஒட்டலாம், ஆனால் அது முதலில் அச்சிட்ட விலையை மறைக்கக் கூடாது என்று பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் சொல்கின்றன, இதில் மறைத்திருந்தார்கள்.

நிறுவனத்தோடு பேசிய அனுபவம் தனி. வாட்ஸ்அப்பில் முதலில் தானியங்கிப் பதில்கள். பிறகு வந்த ஒருவர், “மேடம், இது உங்க ஸ்கின் பழகிக்கிற டைம், பிம்பிள் வெளிய வர்றது நல்ல சைன்” என்றார். அந்தப் பேச்சு பருவுக்குப் பூசும் ரெட்டினாய்டு போன்ற சில மருந்துகளுக்குப் பொருந்தலாம், ஃபவுண்டேஷனுக்குப் பொருந்தாது. ஸ்டிக்கரின் படத்தை அனுப்பியதும், சுகாதாரக் காரணங்களால் திறந்த அழகுப் பொருள்களைத் திரும்பப் பெறுவதில்லை என்ற கொள்கையை ஒட்டி அனுப்பிவிட்டு, அடுத்த முறை வாங்கும்போது 20 சதவீதத் தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். அவர்களின் பக்கத்தில் நான் எழுதிய கருத்து மறுநாளே காணாமல் போனது. என்னைப் போலவே கண் எரிந்ததாக எழுதியிருந்த வேறு சிலரின் கருத்துகளும் அதோடு போயின.

இந்தக் ‘கொள்கை’யைக் கேட்டுப் பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். பொருள் குறைபாடுடையதாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் விற்பவர் அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் திருப்பித் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன. குறைதீர்ப்பு அலுவலரின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். புகாரைப் பெற்றதற்கான ஒப்புதலை அவர் 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் குறையைத் தீர்க்க வேண்டும். அந்தத் தளத்தில் அப்படி ஒருவரின் பெயரே இல்லை. நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்தேன். தேதி மாற்றிய ஸ்டிக்கர் பற்றி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் தனியாக எழுதினேன், ஏனென்றால் அழகுப் பொருள்களின் தயாரிப்பு உரிமம் அவர்கள் பொறுப்பில் வருகிறது. இரண்டுக்கும் படங்கள் கேட்டார்கள். ஸ்டிக்கர் ஒட்டியபடி ஒன்று, பாதி உரித்தபடி ஒன்று, உள்ளே உள்ள தேதி தெரியும்படி ஒன்று என்று எடுத்து வைத்திருந்ததால் விளக்கம் எழுதும் வேலை பெரிதும் குறைந்தது.

உதவி எண்ணில் பதிவான பிறகு நிறுவனத்தின் குரல் மாறியது. முழுப் பணத்தையும் தருகிறோம், ஆனால் புகாரைத் திரும்பப் பெற்று, எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். மருத்துவச் செலவைப் பற்றிப் பேச்சில்லை. நான் மறுத்துவிட்டு மாவட்ட ஆணையத்துக்குப் போனேன். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே, இணையத்தின் வழியாகவே மனுவைத் தாக்கல் செய்யலாம். இந்த அளவு தொகைக்குக் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்ய வேண்டும் என்பதே வரம்பு.

எங்கள் ஓட்டக் குழுவில் அதே பெட்டியை வாங்கிய சிலருக்கு இப்போது நிறுவனத்திடமிருந்து அழைப்பு வருகிறது. பெட்டியை எடுத்துக்கொள்ள வீட்டுக்கே ஆள் அனுப்புகிறோம், புதியது தருகிறோம் என்கிறார்கள். பெட்டி கையை விட்டுப் போனால் ஸ்டிக்கரும் அதனடியில் உள்ள தேதியும் அதோடு போய்விடும். எனவே கொடுப்பதாக இருந்தாலும், எல்லாப் பக்கங்களையும் படம் எடுத்து, பணம் கட்டிய ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் சேமித்து, பொருளைப் பெற்றுக்கொண்டதாக அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கொடுங்கள்.